அறுபதில் வரும் அலர்ஜி: பெரியவர்கள் உள்ள வீட்டுக்குச் சில குறிப்புகள்

வயது ஏறினால் அலர்ஜி தானாக அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளின் அளவு வயதோடு பொதுவாகக் குறைகிறது. தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனையிலும் இளவயதில் எழுந்த அளவுக்குத் தடிப்பு எழுவதில்லை. இருபதுகளில் தும்மித் தவித்த பலர் ஐம்பதைத் தாண்டியதும் கொஞ்சம் நிம்மதியாக இருப்பது இதனால்தான். ஆனால் அதே வயதில் தோல் வறண்டு மெலிகிறது, மூக்கின் உட்புறம் காய்கிறது, தினசரி மாத்திரைகள் கூடுகின்றன. இதுவரை தெரியாத அரிப்பும் இருமலும் இரைப்பும் அறுபதில், எழுபதில் முதன்முதலாக வருகின்றன. ‘இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டதே’ என்பதையும் ‘எனக்கு அது சேராது’ என்பதையும் இந்த வயதில் ஒருமுறை திரும்பப் பார்த்துவிடுவது நல்லது.

1. புதிதாக அரிப்போ இருமலோ தொடங்கினால், சாப்பாட்டைச் சந்தேகிக்கும் முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். சமீபத்தில் எந்த மாத்திரை சேர்ந்தது, எது நின்றது, எது மாறியது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். கண் சொட்டு மருந்து, நாட்டு மருந்து, மூட்டில் தடவும் தைலம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வாங்கிய பொடி எல்லாமே அதில் வர வேண்டும். பல நேரங்களில் இரத்தப் பரிசோதனையைவிட இந்தத் தாள்தான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

2. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். வெகு சிலருக்கு உதடு, நாக்கு, முகம் வீங்கும். இந்த வீக்கத்தில் அரிப்போ தடிப்போ இருக்காது. மாத்திரை தொடங்கிய வாரத்திலும் வரலாம், பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டும் வரலாம். அதனால்தான் யாரும் மாத்திரையை நினைப்பதில்லை. முந்தின நாள் சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் பழி விழுகிறது. வழக்கமான அலர்ஜி ஊசிக்கு இந்த வீக்கம் சரியாக அடங்காது. நாக்கு, தொண்டை வீங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருமல் மட்டும்தான் என்றால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன. மாற்றிய பிறகும் இருமல் முழுவதும் நிற்கச் சில வாரங்கள் ஆகலாம்.

3. கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்குத் தரும் டிமோலால் சொட்டு மருந்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியது. கண்ணில் விட்ட துளி மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. பழைய இழுப்பு இருந்தால், அது சின்ன வயதோடு போனதாக இருந்தாலும், கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எந்தச் சொட்டு மருந்து விட்டாலும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இறங்குவது குறையும்.

4. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையில் கவனம் தேவை. அடிக்கடி மூக்கடைப்பு, மூக்கினுள் சதை வளர்ச்சி, வாசனை தெரியாமல் போவது, கூடவே இரைப்பு என்று நடுவயதில் ஒருவருக்கு வந்திருந்தால், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மூன்றுமே அவருக்கு ஆபத்தாகலாம். இந்தக் கோளாறு பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுகளில்தான் தலைகாட்டுகிறது. சின்ன வயதில் எல்லா மாத்திரையும் ஒத்துக்கொண்டது என்பது இதற்குச் சான்றாகாது. இதயத்துக்காக மருத்துவர் தினமும் ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் மட்டும், அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

5. இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அரிப்பு, தும்மல், சளி எதற்கும் வீட்டில் கைக்குக் கிடைக்கும் அவில் மாத்திரையை அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பல சளி மாத்திரைகளிலும் இருமல் டானிக்குகளிலும் இருக்கும் குளோர்பெனிரமின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின் ஆகியவையும் இதே பழைய தலைமுறை மருந்துகள்தான். இளைஞனுக்குத் தூக்கம் மட்டும் வரும். பெரியவருக்கு வாய் உலரும், மலம் கட்டும், சிறுநீர் அடைக்கும், நினைவு தடுமாறும். இரவில் எழுந்து நடக்கும்போது தள்ளாடி விழுவார். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் முழுக்க நின்று, ராத்திரியோடு ராத்திரியாக மருத்துவமனைக்கு ஓட வேண்டி வரலாம். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்காவில் 1991 முதல் திருத்தித் திருத்தி வெளியிடப்படும் பியர்ஸ் பட்டியலில் இந்த வகை மருந்துகள் இருக்கின்றன. பாட்டி திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால், நேற்று அவருக்கு என்ன சளி மாத்திரை கொடுத்தோம் என்று முதலில் யோசியுங்கள்.

6. அதற்குப் பதில் என்ன? புதிய தலைமுறை மருந்துகளில் தூக்கம் குறைவு. ஆனால் அவற்றுக்கும் அளவு உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு செட்ரிசின், லெவோசெட்ரிசின் அளவைக் குறைத்துத்தான் தர வேண்டும். ஃபெக்சோஃபெனடின் சாப்பிடுபவர்கள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாற்றோடு எடுத்தால் உடலில் சேர்வது குறைந்துவிடும். மூக்கடைப்பு மாத்திரைகளில் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிடுங்கள்.

7. மூக்கடைப்புக்கு விடும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகள் மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் போனால் மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

8. சூடாக ரசம் சாதம் சாப்பிடும்போது மட்டும் மூக்கு ஒழுகுகிறதா? அது அலர்ஜி இல்லை. காரமும் சூடும் மூக்கின் நரம்பைத் தூண்டுவதால் வருவது. வயதானவர்களுக்கு இது கூடுதல். தோளில் ஒரு துண்டு போதும், ரசத்தை நிறுத்த வேண்டாம். குளிர்காற்று, ஊதுபத்திப் புகை, தாளிக்கும் நெடி பட்டதும் மூக்கு ஒழுகுவதும் பெரும்பாலும் இந்த ரகம்தான். அரிப்பும் தொடர்தும்மலும் கண்ணில் நீரும் சேர்ந்து வந்தால்தான் அலர்ஜியைச் சந்தேகிக்க வேண்டும். காய்ந்த மூக்குக்கு உப்புநீர் நல்லது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் ஒரு டம்ளருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. அதில் உள்ள கிருமிகள் மூக்கு வழியாக மூளைவரை போகக்கூடியவை.

9. பெரியவர்களின் அரிப்புக்கு மிகச் சாதாரணக் காரணம் வறட்சி. வயதாக ஆகத் தோலின் எண்ணெய்ப் பசை குறைகிறது. கை கால்களில், முக்கியமாக முழங்காலுக்குக் கீழே, வெடித்த குளத்து மண்போல் தோல் கீறிக் கீறித் தெரியும். அரிக்கிறது என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். அந்த நேரம் சுகமாக இருக்கும். மறுநாள் அரிப்பு இரண்டு மடங்காகும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடிக்கட்டும். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போதும். ஈரத்தை ஒற்றி எடுத்த உடனே, தோல் முழுக்கக் காய்வதற்குள், தேங்காய் எண்ணெயோ வாசனை சேர்க்காத களிம்போ தடவிவிடுங்கள். உள்ளங்காலில் மட்டும் தடவ வேண்டாம், குளியலறையில் வழுக்கும். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் அரிப்பு நிற்காவிட்டால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை, இரும்புச் சத்து இவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரவில் கூடுகிறது, வீட்டில் இன்னும் ஒருவரும் சொறிகிறார் என்றால் அது சிரங்காக இருக்கலாம். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

10. எழுபதைத் தாண்டியவருக்கு மாதக்கணக்கில் அரிப்பு, பிறகு நீர் கோத்த கொப்புளங்கள் என்றால் அது அலர்ஜி அல்ல. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்கும் ஒரு நோய். சர்க்கரைக்குத் தரும் வில்டாகிளிப்டின் போன்ற மாத்திரைகளோடும் இதற்குத் தொடர்பு கண்டிருக்கிறார்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை மாத்திரை அட்டையும் கையோடு போகட்டும்.

11. தலைச்சாயம் பற்றி. இருபது வருடமாகப் போட்ட அதே சாயம் ஒருநாள் காதோரத்தில் அரித்து, மறுநாள் கண் திறக்க முடியாமல் முகத்தை வீங்கவைக்கும். அதில் உள்ள பாரா ஃபினைலீன் டையமீன் என்ற பொருள் பழகப் பழகச் சிலருடைய உடலை விழிக்கவைக்கிறது. ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பதற்கு உத்தரவாதம் எந்த வயதிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் பெட்டியில் சொல்லியபடி கலந்து, முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். ஒருமுறை அரித்துவிட்டால் அந்தச் சாயத்தை விட்டுவிட வேண்டும். அடுத்த முறை அதைவிடக் கடுமையாக வரும். மூலிகைச் சாயம் என்று எழுதியிருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். அரைத்த மருதாணி செம்பழுப்பு நிறம்தான் தரும். மருதாணி என்று விற்கும் ஒரு பொடி சில நிமிடத்தில் கருகருவென்று பிடித்தால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். நரைத்த தலையோடு இருப்பதில் ஒரு குறையும் இல்லை என்பது என் கருத்து.

12. காலில் ஆறாத புண்ணுக்கு மாதக்கணக்கில் நியோமைசின் கலந்த களிம்பைத் தடவினால் அந்தக் களிம்புக்கே அலர்ஜி வரலாம். புண்ணைச் சுற்றிச் சிவந்து அரித்தால் இன்னும் கொஞ்சம் தடவாதீர்கள், நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

13. பார்த்தீனியம் செடியை நம் ஊர்க் காலிமனைகளில் பார்க்காதவர் இல்லை. 1950களில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டு நாடு முழுக்கப் பரவியது. இதனால் வரும் தோல் ஒவ்வாமை நடுவயதைத் தாண்டிய, வெளியில் உழைக்கும் ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கருத்து அரிக்கும். காற்றில் பறக்கும் செடித்தூளே போதும், தொட வேண்டியதில்லை. வீட்டைச் சுற்றி இருந்தால் பூப்பதற்கு முன், மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். அரிப்பு உள்ளவர் அந்த வேலைக்குப் போகக் கூடாது. அவர் துணியை அந்தப் பக்கம் உலர்த்தவும் கூடாது.

14. பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். இறால், நண்டு அலர்ஜி அப்படியில்லை. அது பலருக்குப் பெரியவர்களான பிறகுதான் தொடங்குகிறது, தொடங்கினால் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. இறாலின் தசையில் உள்ள ட்ரோபோமையோசின் என்ற புரதம் வேகவைத்தாலும் அழியாது. தூசிப்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் ஏறக்குறைய அதே புரதம் உண்டு. அதனால் வருடக்கணக்காகத் தூசி அலர்ஜி இருப்பவர்கள் சிலருக்கு இறாலும் ஒருநாள் சேராமல் போகிறது. வாய் நமைச்சல், தடிப்பு என்று ஒருமுறை வந்துவிட்டால் ‘கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கிறேன்’ என்று சோதிக்காதீர்கள். சமைக்கும்போது எழும் ஆவியே சிலருக்குப் போதும். இன்னொரு விஷயம்: சிலருக்கு இறாலோ கோதுமையோ தனியாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. சாப்பிட்டதும் வேகநடை போனாலோ, வலி மாத்திரை போட்டாலோ, மது அருந்தினாலோ உடம்பெல்லாம் தடித்துவிடும். என்ன சாப்பிட்டார் என்பதோடு அதன் பிறகு என்ன செய்தார் என்பதையும் எழுதி வையுங்கள்.

15. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு அரித்தால், சாப்பிட்ட மற்றவர்களையும் விசாரியுங்கள். இரண்டு மூன்று பேருக்கு அப்படி என்றால் அது அலர்ஜி அல்ல. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த மீனில் ஹிஸ்டமின் சேர்ந்துவிட்டது. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. ஆயுள் முழுக்க மீனை விட வேண்டியதில்லை, மீன் வாங்கும் இடத்தை மாற்றினால் போதும்.

16. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாத்திரைகளைக் காலையில் காபி மாதிரி வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. இரைப்பை அமிலம் குறைந்தால் உணவுப் புரதம் சரியாக உடையாமல் குடலுக்குப் போகும். இந்த மருந்துகளுக்குப் பிறகு புதிய உணவு ஒவ்வாமை தோன்றுவதற்கு ஆஸ்திரியாவில் நடந்த ஆய்வுகள் சான்று காட்டியிருக்கின்றன. உங்களுக்கு இன்னும் அது தேவையா என்று அடுத்த முறை மருத்துவரைக் கேளுங்கள்.

17. பெரியவர்கள் நாளின் பெரும்பகுதியைப் படுக்கையிலும் அதைச் சுற்றியும் கழிக்கிறார்கள். அதனால் வீடு முழுக்கத் துடைக்க ஆளில்லாவிட்டாலும் அந்த ஒரு அறையைக் கவனித்தால் பாதிப் பலன் கிடைக்கும். தூசிப்பூச்சி நம் தோலில் உதிரும் செதிலைத் தின்கிறது. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. கடலோர ஊர்களில் அதற்குக் கொண்டாட்டம். தலையணை உறை, விரிப்பு, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரிச் சூட்டு நீரில் துவையுங்கள். பல வருடம் பழகிய இலவம்பஞ்சுத் தலையணையை மனதைத் தேற்றிக்கொண்டு மாற்றிவிடுங்கள். மெத்தை நல்ல வெயிலில் நாள் முழுக்கக் காயட்டும். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கலாம். ஒட்டடை அடிக்கும்போதும் மின்விசிறி துடைக்கும்போதும், இரைப்பு உள்ளவர் அந்த அறையில் மட்டுமல்ல, அடுத்த ஒரு மணி நேரம் பக்கத்திலும் இருக்க வேண்டாம்.

18. பால்கனியில் புறா கூடு கட்டியிருக்கிறதா? புறா எச்சத்தின் தூள், ஏர்கூலரின் அழுக்குத் தண்ணீர், சுவரின் பூஞ்சை இவை நுரையீரலின் ஆழத்தில் ஒருவகை ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். 2017ல் வெளியான இந்திய நுரையீரல் இடைத்திசு நோய்ப் பதிவேட்டில், 19 நகரங்களின் 1,084 நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அழற்சிதான் இருந்தது. அவர்களில் பலர் ஏர்கூலர் பயன்படுத்தியவர்கள். தும்மல் இல்லாத வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குவது, ஊருக்குப் போனால் சற்றுத் தேவலை, திரும்பினால் மறுபடி: இதுதான் அடையாளம். கூலர் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுத் தொட்டியைக் காயவிடுங்கள். புறா எச்சத்தை நனைத்த பிறகே அள்ள வேண்டும், அதுவும் முகக்கவசத்தோடு.

19. அறுபத்தைந்தில் முதல்முறையாக இரைப்பு வந்தால் ‘இந்த வயதில் ஆஸ்துமாவா’ என்று தள்ளிவிடக் கூடாது. வரும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டியும் வரும். ஆனால் படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறார், காலும் வீங்கியிருக்கிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைக் கேட்டு வாங்குங்கள். இன்ஹேலர் கொடுத்தால் அதை மருத்துவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் மூட்டு வலி உள்ளவரால் அழுத்த முடியாது, மூச்சு பலம் குறைந்தவரால் பொடி இன்ஹேலரை இழுக்க முடியாது. ஸ்பேசர் என்ற குழலைச் சேர்த்தால் பலருக்கு எளிதாகிவிடும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

20. ‘பென்சிலின் சேராது’ என்று நாற்பது வருடத்துக்கு முன் எழுதிய சீட்டு பலரிடம் இருக்கிறது. உண்மையாகவே அலர்ஜி இருந்தவர்களிலும் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு அது போய்விடுகிறது. அந்தச் சீட்டால் தேவையில்லாமல் கடுமையான மாற்று மருந்துகளை வாங்கிக்கொள்கிறார்கள். மருத்துவமனையில், மருத்துவர் மேற்பார்வையில் மறுபடி சோதித்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரு மாத்திரை போட்டுப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

21. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்களா? டெக்சாஸின் ஆஸ்டின் பக்கம் டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை மலை சீடர் மரத்தின் மகரந்தம் பறக்கும். முதல் பயணத்தில் ஒன்றும் செய்யாது. அங்கேயே தங்கி இரண்டு மூன்று பருவம் கண்ட பிறகு, அறுபது வயதிலும் கண்ணும் மூக்கும் அரிக்கத் தொடங்கலாம். அந்த மாதங்களில் ஜன்னலை மூடி வைத்து, நடந்துவிட்டு வந்ததும் முகம் கழுவி உடை மாற்றிக்கொள்ளுங்கள்.

22. குளவி கொட்டியோ, உணவாலோ, ஊசியாலோ உடம்பு தடித்து, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் 108ஐ அழையுங்கள். பெரியவர்களில் சிலருக்குத் தடிப்பே இல்லாமல் இரத்த அழுத்தம் மட்டும் விழுந்து மயக்கம் வரும். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு மிகவும் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்கவிடாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். இதற்கு மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. இதய நோயாளி ஆயிற்றே என்று குடும்பத்தார் தயங்குவது உண்டு. அந்த நிலையில் அதற்கு மாற்று இல்லை. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை உடனே சொல்லுங்கள், அட்ரினலின் அவருக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம், வேறொரு மருந்தும் தேவைப்படலாம். அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும். அதனால் சரியாகிவிட்டது என்று அன்று இரவே வீட்டுக்குக் கூட்டிவரக் கேட்காதீர்கள்.